மாலை இடி மழையை முன்கூட்டி அறிவது எப்படி? வானிலை மாடல்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கிடைக்கும் மழையில் பெரும் பங்கு, பிற்பகல் வெயிலில் முளைத்து மாலையிலோ முன்னிரவிலோ கொட்டித் தீர்க்கும் வெப்பச்சலன இடி மழையாகவே வருகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்குச் சராசரியாகக் கிடைக்கும் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழையும் பெரும்பாலும் இவ்வகையே. இந்த மழையில் ஆர்வம் கொண்டு வானிலைத் தளங்களைப் புரட்டத் தொடங்கும் எவரும் முதலில் திறப்பது மழை வரைபடத்தைத்தான். பிற்பகல் 2.30 மணிக்குத் தம் ஊரின்மேல் பச்சையோ மஞ்சளோ தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தும் மழை வராத நாட்களும், ஒன்றுமே தெரியாமல் இரவு 9 மணிக்கு மரங்கள் சாயும் அளவுக்குக் காற்று வீசிய நாட்களும் மாறி மாறி வந்ததும், மாடல்களை, அதாவது வளிமண்டலத்தைக் கணக்கிட்டு வானிலையை முன்கூட்டிச் சொல்லும் கணினி நிரல்களை, நம்ப முடியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவு தவறானது. மாடல் நன்றாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்க, அது சரியாகச் சொல்ல முடியாத வேறொன்றை அதனிடம் கேட்கிறோம் என்பதே உண்மை. காற்று எந்த உயரத்தில் எத்திசையில் வீசும், எவ்வளவு ஈரத்தைச் சுமந்திருக்கும் என்பதை இன்றைய மாடல்கள் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே நன்றாகச் சொல்கின்றன. அந்த ஈரக்காற்றை எது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு மேலே தூக்கிவிடும் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழே வரும் முறை சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை ஆகிய வட மாவட்டங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. மற்ற மாவட்டத்தவர் தம் பகுதியின் மலைகளையும் கடற்கரையையும் வைத்து இதைத் திருத்திக்கொள்ளலாம்.

எது தீவிரமான இடி மழை என்பதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றை அளவுகோலாக வைத்திருக்கிறது. இடி மழையுடன் வீசும் தரைக்காற்று மணிக்கு 41 முதல் 61 கிலோமீட்டர் வரை இருந்தால் மிதமானது. 62 முதல் 87 வரை தீவிரமானது. அதற்கு மேல் மிகத் தீவிரமானது. காற்றின் வேகம் திடீரென்று குறைந்தது 29 கிலோமீட்டர் கூடி, 40 கிலோமீட்டரையோ அதற்கு மேலோ எட்டி, ஒரு நிமிடமாவது நீடித்தால் அதைச் சூறைக்காற்று என்று குறித்துக்கொள்கிறார்கள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இடி இடித்த ஒவ்வொரு மாலையும் தீவிரமானதாகவே தோன்றும்.

1. கடிகாரத்தையும் கட்டங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

மாடல்கள் யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் பேசுகின்றன. அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம் கிடைக்கும். 00 யூ.டி.சி. என்பது நமக்குக் காலை 5.30, 12 யூ.டி.சி. என்பது மாலை 5.30. அமெரிக்காவின் உலக மாடலான ஜி.எஃப்.எஸ். நாளுக்கு நான்கு முறை, அதாவது 00, 06, 12, 18 யூ.டி.சி. தரவுகளைக் கொண்டு ஓடுகிறது. காலை 5.30 மணித் தரவில் ஓடும் கணிப்பு நம் கைக்கு 9 மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும். ஐரோப்பிய நடுத்தரக் கால முன்கணிப்பு மையத்தின் மாடல் அதற்கும் சற்றுப் பின்னால் வரும். ஆகவே இன்று மாலை மழைக்குக் காலை 7 மணிக்கு நீங்கள் பார்ப்பது நேற்று இரவுத் தரவில் ஓடிய கணிப்பு. படத்தின் மூலையில் எந்த ஓட்டம் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் படத்தைப் படிக்காதீர்கள்.

மாடல்கள் நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஜி.எஃப்.எஸ். மாடலின் கட்டம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் அகலமுள்ளது. ஐரோப்பிய மாடலுக்கு 9 கிலோமீட்டர். ஜெர்மனியின் ஐகான் உலக மாடலுக்கும் 13. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அப்படியானால் ஐரோப்பிய மாடலின் கண்ணுக்குச் சென்னை முழுவதும் ஐந்து கட்டங்கள்தான்; ஜி.எஃப்.எஸ். மாடலுக்கு இரண்டரைக் கட்டம். ஒரு தனி இடிமேகம் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் அகலமே இருக்கும். அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. அத்தகைய மேகத்தை இக்கட்டங்களால் நேரடியாக உருவாக்கிக் காட்ட இயலாது என்பதால், கட்டத்துக்குள் மேகங்கள் எழுந்தால் என்ன விளைவு இருக்கும் என்பதைத் தோராயச் சூத்திரங்களால் மதிப்பிட்டு மழையாகப் போடுகிறார்கள். அந்தச் சூத்திரங்களுக்கு உலகெங்கும் அறியப்பட்ட ஒரு குணம் உண்டு: நிலப்பரப்பில் மழையைச் சீக்கிரமாகத் தொடங்கிவிடும், அதை அகலமாகவும் மெல்லியதாகவும் பரப்பிவிடும். மாலை 6 மணிக்கு மேல் பெய்ய வேண்டிய மழை மாடலில் பிற்பகல் 2.30 மணிக்கே தெரிவதற்கு இதுவே காரணம். நான்கு கிலோமீட்டருக்கும் குறைந்த கட்டமுள்ள வட்டார மாடல்கள் மேகத்தை நேரடியாகவே உருவாக்க முயல்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையமும் அத்தகையவற்றை ஓட்டி வெளியிடுகின்றன. அவற்றில் நேரமும் மேகக் கூட்டத்தின் உருவமும் இயல்பாக இருக்கும்; இடம் மட்டும் 50 கிலோமீட்டர் தள்ளிப்போவது சாதாரணம்.

2. இரண்டு மூன்று நாட்களுக்கு முன்: காற்றை மட்டும் பாருங்கள்

விண்டி, டிராபிகல் டிட்பிட்ஸ் போன்ற தளங்களில் உயரத்தை ஹெக்டோபாஸ்கல் என்னும் காற்றழுத்த அலகில் தேர்ந்தெடுக்கலாம். 925 என்பது தரையிலிருந்து சுமார் 750 மீட்டர். 850 என்பது ஒன்றரைக் கிலோமீட்டர். 700 என்பது மூன்று கிலோமீட்டர். 500 என்பது ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். இந்த நான்கு படங்களையும் மாலை 5.30 மணிக்கு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் 925, 850 படங்களில் தேட வேண்டியது, மகாராஷ்டிரத்தின் மராத்வாடா அல்லது விதர்பாவிலிருந்து கர்நாடகத்தின் வழியாகத் தமிழக உள் மாவட்டங்கள் வரை இறங்கும் ஒரு நெடுங்கோடு. அதன் மேற்கே காற்று வடமேற்கிலிருந்து வரும். கிழக்கே வங்கக் கடலின் ஈரத்தோடு தென்கிழக்கிலிருந்து வரும். இரண்டும் சந்திக்கும் அந்தக் கோட்டின் அருகில்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், ஈரோடு பகுதிகளின் கோடை மழை பிறக்கிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் காற்றுத் திசை மாறும் பகுதி என்றோ காற்றின் வேக மாறுபாடு என்றோ சொல்லப்படுவது பல நாட்களில் இதைப் போன்ற அமைப்பையே. செய்தியில் அந்தச் சொல்லைக் கேட்ட அன்று மாடலைத் திறந்து, அது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது மிக நல்ல பயிற்சி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை படம் வேறு. கீழடுக்கில் மேற்குக் காற்று நிலைத்திருக்கும். வட மாவட்டங்களுக்கு அப்போது முக்கியமானது அதன் வேகம். 850 படத்தில் காற்று 25 நாட்டுக்கு (நாட் என்பது காற்று வேக அலகு; ஒரு நாட் மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) மேல் இருந்தால் கடற்காற்று கரையேறவே திணறும். சென்னையில் வறண்ட வெயில் கொளுத்தும். மழை வாய்ப்புக் குறையும். மிக மெலிந்திருந்தால் கடற்காற்று முற்பகலிலேயே நுழைந்து வெகுதூரம் உள்ளே போய்விடும். மழை வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் தொடங்கும். என் அனுபவத்தில் கடலோரத்துக்கு மிகவும் சாதகமானது, இடைப்பட்ட 10 முதல் 15 நாட்டு மேற்குக் காற்றே. அந்த நாட்களில் இரண்டு காற்றும் கரைக்கு அருகிலேயே மோதி நின்றுவிடுகின்றன.

700, 500 படங்கள் மேகம் எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட சராசரிக் காற்று மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ 15 நாட்டு வேகத்தில் வீசினால், மேகக் கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் கிழக்கே நகரும். வேலூரிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர். மாலை 5 மணிக்கு வேலூரில் முற்றிய மேகக் கூட்டம் உயிரோடு இருந்தால் இரவு 9 அல்லது 10 மணி வாக்கில் நகரை எட்டும் என்று இரண்டு நாட்களுக்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுவைத்துக்கொள்ளலாம். மேலடுக்குக் காற்று கிழக்கிலிருந்து வீசும் நாளில் எவ்வளவு பெரிய மேகம் உள்ளே எழுந்தாலும் அது சென்னையை நோக்கி வராது.

3. அன்று காலை: பலூன் தரவைப் படியுங்கள்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வானிலை பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. காலை 5.30 மணிக்குரிய தரவை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் எவரும் பார்க்கலாம். சென்னையின் எண் 43279, காரைக்காலுக்கு 43346. மாடல் சொல்வது கணக்கு. பலூன் சொல்வது அளவு. இரண்டும் வேறுபட்டால் பலூன் பக்கம் நில்லுங்கள்.

அந்த வரைபடத்தில் இரண்டு கோடுகள் சாய்வாக மேலேறும். வலப்பக்கம் இருப்பது வெப்பநிலை. இடப்பக்கம் இருப்பது பனிநிலை, அதாவது எந்த வெப்பநிலை வரை குளிர்ந்தால் அந்தக் காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. கோடுகள் நெருங்கியிருந்தால் ஈரம், விலகியிருந்தால் வறட்சி. அருகிலேயே எண்களின் பட்டியல் இருக்கும். அதில் முதலில் கேப் (CAPE), சின் (CIN) என்னும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே எழும் காற்று சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு வெப்பமாக இருந்து எவ்வளவு ஆற்றலோடு ஏறும் என்பதன் அளவு கேப். ஒரு கிலோகிராம் காற்றுக்கு இத்தனை ஜூல் என்று குறிப்பார்கள். அந்தக் காற்று ஏறத் தொடங்குவதைத் தடுக்கும் அடுக்கின் வலிமை சின். கொதிக்கும் உலையின் மேல் மூடி இருப்பது போன்றது அது: மூடி கனமாக இருந்தால் உள்ளே எவ்வளவு கொதித்தாலும் பொங்காது; இலேசாக இருந்தால் தளதளவென்று அடிக்கடி பொங்கி ஆற்றல் வீணாகும்; நடுத்தரமான மூடி மாலை வரை தாங்கி, பிறகு ஒரேயடியாகத் தள்ளப்படும் நாளில்தான் மழை கடுமையாகிறது.

இங்கே புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கேப் 2500 ஜூலுக்கு மேல் இருந்தால் ஆபத்து என்று அமெரிக்கப் பாடங்களில் படித்துவிட்டு வருகிறார்கள். நம் கடலோரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 3000 ஜூல் என்பது அன்றாடச் செய்தி. பனிநிலை 25 அல்லது 26 டிகிரியில் இருக்கும் ஊரில் அந்த எண் தானாகவே வந்துவிடும். அதே நாளில் வானம் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் மூடி திறக்கவில்லை; தூக்கிவிட யாரும் இல்லை. அதுபோலவே, காற்று உயரத்துக்கு உயரம் திரும்புவதை வைத்துச் சுழல் இடிமேகங்களையும் சூறாவளிச் சுழல்களையும் (டொர்னாடோ) கணிக்கும் கூட்டுக் குறியீடுகள் அமெரிக்கச் சமவெளிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை இங்கே முதல் ஆண்டில் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காலைத் தரவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பிற்பகலுக்கு மாற்றிப் பாருங்கள். எளிய கணக்கு ஒன்று போதும். தரை வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125 ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் அமையும் என்பது தோராயமாகக் கிடைக்கும். நகரில் 40 டிகிரி வெயில், பனிநிலை 20 என்றால் மேக அடி 2500 மீட்டர். கடற்காற்று நுழைந்து வெப்பநிலை 34, பனிநிலை 26 என்று மாறியதும் அது 1000 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. முதல் நிலையில் மேகம் எழுவது கடினம், ஆனால் எழுந்து மழை விழுந்தால் வழியில் துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்து வேகமாகக் கீழே தள்ளும். இரண்டாவதில் மேகம் தாழ்வாகவும் ஈரமாகவும் எழும், மழை கொட்டும். ஒரே ஊரில் இரண்டு மணி நேர இடைவெளியில் நடக்கும் இந்த மாற்றத்தைப் பலூன் தரவு மட்டும் சொல்லாது. விமான நிலையம் அரை மணிக்கு ஒருமுறை வெளியிடும் வானிலைக் குறிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாடல் அன்று காலை 8.30 மணிக்குக் காட்டும் வெப்பநிலையையும் பனிநிலையையும் உண்மை அளவோடு ஒப்பிட மறக்காதீர்கள். பனிநிலையில் ஒரு டிகிரி தவறினாலே கேப் பல நூறு ஜூல் மாறிவிடும்.

4. காற்று எங்கே மோதும் என்று தேடுங்கள்

முழு வேலையின் உயிர்நாடி இதுதான். ஈரமும் ஆற்றலும் பல மாவட்டங்களில் ஒரே சமயத்தில் இருக்கும். மழை மட்டும் சில இடங்களில்தான் பெய்கிறது. அந்தச் சில இடங்களைத் தேர்ந்தெடுப்பவை மூன்று.

முதலாவது கடற்காற்றின் முனை. கடலோரத்தில் நண்பகல் வாக்கில் நுழையும் குளிர்ந்த ஈரக் காற்று, எதிரே வரும் சூடான மேற்குக் காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தூக்குகிறது. விமான நிலையக் குறிப்பில் காற்றின் திசை 270 பாகை (மேற்கு) அருகிலிருந்து 120 பாகை (தென்கிழக்கு) அருகே திரும்பி, வெப்பநிலை சில டிகிரி இறங்கி, பனிநிலை நான்கைந்து டிகிரி ஏறினால் முனை மீனம்பாக்கத்தைக் கடந்துவிட்டது என்று அறியலாம். அது எத்தனை மணிக்குக் கடந்தது என்பதை எழுதிவையுங்கள். பிற்பகல் 12 மணிக்குக் கடந்திருந்தால் மாலைக்குள் அது காஞ்சிபுரத்தையும் தாண்டி உள்ளே போயிருக்கும். 3 மணிக்குக் கடந்திருந்தால் மோதல் கோடு நகரின் மேற்குப் புறநகரிலேயே இருக்கும், அன்று ஆவடி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கண் வைக்க வேண்டும். மாடலில் இந்த முனையைப் பார்க்க 10 மீட்டர் உயரக் காற்றுப் படத்தை மணிக்கு மணி நகர்த்துங்கள்; கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் சந்திக்கும் கோடு நிலத்துக்குள் ஊர்வது தெரியும். அந்தக் கோட்டின் இடத்தை மாடல்கள் மழையின் இடத்தைவிட நன்றாகவே கணிக்கின்றன.

இரண்டாவது மலைகள். ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், சேர்வராயன் மலைகளும், எல்லைக்கு அப்பால் நகரி, திருமலைக் குன்றுகளும் பக்கத்துச் சமவெளிக்கு முன்பே சூடேறி, சுற்றியுள்ள காற்றைச் சரிவில் மேலே இழுக்கின்றன. பிற்பகல் ஒரு மணிக்குச் செயற்கைக்கோள் படத்தில் முதல் வெண்புள்ளிகள் இங்கேதான் தோன்றும். கட்டம் பெரிதாக உள்ள மாடலில் இம்மலைகளின் உயரம் மழுங்கிப்போய் விடுகிறது என்பதால், மலைமேல் மாடல் காட்டும் மழையைவிடச் சற்று அதிகமாகவே எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது, ஏற்கெனவே பெய்த மழை. ஒரு மேகம் கொட்டியதும் அதன் அடியிலிருந்து குளிர்ந்த காற்று நாலாபுறமும் பரவுகிறது. அப்படிப் பரவும் இரண்டு காற்று முனைகள் சந்திக்கும் இடத்தில், அல்லது அத்தகைய ஒரு முனை கடற்காற்று முனையோடு முட்டும் இடத்தில், பத்து இருபது நிமிடங்களில் புதிய மேகம் வெடித்துக் கிளம்பும். ராணிப்பேட்டைப் பக்கம் மழை ஓய்ந்துவிட்டது, இனிச் சென்னைக்கு இல்லை என்று முடிவெடுத்த பிறகு திருவள்ளூரில் புதிதாக மேகம் எழுவது இதனால்தான். பழைய மேகம் நகர்ந்து வருவதாக நினைக்கிறோம். உண்மையில் பழையது சாகச் சாக, கிழக்குப் பக்கத்தில் புதியது பிறந்துகொண்டே வருகிறது. மேகக் கூட்டம் மேலடுக்குக் காற்றின் கணக்கைவிட வேகமாக வந்து சேர்வதற்கும் இதுவே காரணம். முதல் நாள் இரவு பெருமழை பெய்து தரை குளிர்ந்திருந்தாலோ, காலை முழுவதும் உயர்மேகம் வெயிலை மறைத்திருந்தாலோ, மறுநாள் வாய்ப்பைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மாடல் என்ன சொன்னாலும் சரி.

5. இப்போது மழை வரைபடத்தைத் திறக்கலாம்

நீங்களாக ஒரு முடிவுக்கு வந்த பிறகு மழைப் படத்தைப் பார்ப்பதுதான் முறை. முதலில் அதைப் பார்த்துவிட்டால் கண் அதையே தேடும். ஒரே மாடலின் அடுத்தடுத்த மூன்று நான்கு ஓட்டங்களில் மழை ஏறத்தாழ அதே பகுதியில் நீடிக்கிறதா, இரண்டு வேறு மாடல்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மாடல் காட்டும் மில்லிமீட்டர் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். 8 மில்லிமீட்டர் என்று ஒரு மாவட்டம் முழுவதும் பூசியிருந்தால், அம்மாவட்டத்தில் சில ஊர்களில் 50 மில்லிமீட்டரும் பல ஊர்களில் ஒன்றுமில்லாமலும் போகலாம் என்று வாசியுங்கள். வானிலை ஆய்வு மையம் ஓரிரு இடங்களில் என்று சொல்லும்போது அப்பகுதியின் நிலையங்களில் 25 சதவீதம் வரை என்றும், ஒரு சில இடங்களில் என்னும்போது 26 முதல் 50 சதவீதம் வரை என்றும் பொருள். உங்கள் கணிப்பையும் அந்த மொழியிலேயே எழுதிப் பழகுவது நல்லது.

மாடல்கள் முற்றிலும் தவறவிடும் நாட்களும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையின் கடலோரத்தில் சில இடங்களில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது; அவ்வளவு பெரிய மழையை மாடல்கள் முன்கூட்டிக் காட்டவில்லை. சிவப்பு எச்சரிக்கையே மழை பெய்துகொண்டிருக்கும்போதுதான் வந்தது. அது கோடை இடி மழை அல்ல என்றாலும், கரையை ஒட்டிய குறுகிய பட்டையில் காற்று குவிந்து ஒரே இடத்தில் மேகங்கள் தொடர்ந்து எழும்போது மாடல்கள் எவ்வளவு எளிதில் ஏமாறுகின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நம் ஊரில் இல்லை.

6. வருவது காற்றா, வெள்ளமா, ஆலங்கட்டியா?

நடு உயரத்தில், அதாவது மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் வரை, பலூன் வரைபடத்தின் இரண்டு கோடுகளும் அகன்று விலகியிருந்தால் அங்கே வறண்ட காற்று இருக்கிறது. மழை அதில் ஆவியாகிக் குளிர்ந்து, கனத்துக் கீழே பாயும். பலத்த காற்றுக்கும் மரம் சாய்வதற்கும் அந்த நாட்களே உரியவை. கோடுகள் அடியிலிருந்து உச்சி வரை ஒட்டியே சென்று, வளிமண்டலத்தின் மொத்த நீராவியின் அளவு 55 மில்லிமீட்டரைத் தாண்டி, மேகத்தை நகர்த்தும் காற்று 5 நாட்டுக்கும் கீழே இருந்தால், காற்றைவிடத் தேங்கும் தண்ணீருக்கே அஞ்ச வேண்டும். ஆலங்கட்டி மழை நம் சமவெளியில் அரிது, ஏனென்றால் உறைநிலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தரைக்கு வருவதற்குள் சிறு கட்டிகள் கரைந்துவிடும். ஓசூர், நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களில் கோடையில் அதை எதிர்பார்க்கலாம். மின்னலுக்குத் தனியாகக் கணிப்புத் தேவையில்லை. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வளரும் எந்த மேகத்திலும் அது உண்டு.

7. நண்பகலுக்குப் பின் மாடலை மூடிவிட்டு வானத்தைப் பாருங்கள்

பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு புதிய மாடல் ஓட்டத்துக்காகக் காத்திருப்பது வீண். இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகின்றன. ரேடார் படம் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவப்பட்டதுதான் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் டாப்ளர் ரேடார். காரைக்காலிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் உள்ளவை அதற்குத் துணை.

வானிலைத் துறைத் தளத்தில் மேக்ஸ்-இசட் என்ற படத்தைத் திறந்தால், நடுவில் வரைபடமும், மேலேயும் வலப்பக்கத்திலும் இரண்டு குறுகிய பட்டைகளும் தெரியும். பலர் அந்தப் பட்டைகளைப் பார்ப்பதே இல்லை. மேகம் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுபவை அவை. நடுப் படத்தில் சிவப்பாகத் தெரியும் ஒரு மேகம் பட்டையில் ஆறு கிலோமீட்டரில் நின்றுவிட்டால் அது சாதாரண மழை. அதே சிவப்பு பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டி நின்றால், அதன் கீழே இருப்பவர்களுக்கு உடனே சொல்ல வேண்டிய நேரம் அது. அடுத்தடுத்த படங்களில் அந்த உயரமான சிவப்பு சட்டெனச் சரிந்தால், மேலிருந்த மழைச்சுமை இறங்குகிறது. சில நிமிடங்களில் தரையில் காற்று வீசும். ரேடாருக்கு அருகே 60, 70 கிலோமீட்டருக்குள் மெல்லிய நூல்போல ஒரு கோடு மேகக் கூட்டத்துக்கு முன்னால் நகர்ந்து வந்தால் அது காற்று முனை. மழைக்கு முன்பே வந்து சேரும். தொலைவில் அந்த நூல் தெரியாது, ஏனென்றால் 150 கிலோமீட்டர் தொலைவில் ரேடாரின் மிகத் தாழ்ந்த கற்றையே தரைக்கு மேல் இரண்டரைக் கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். வேலூர் மேகத்தின் அடியில் என்ன நடக்கிறது என்பதைச் சென்னை ரேடார் பார்ப்பதில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இன்னொன்றைக் கவனியுங்கள். அப்போது பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. மேகத்தின் உடல் கிழக்கே, நம்மை நோக்கி வரும்போது அதன் உச்சி மேற்கே இழுபட்டு, நம்மைவிட்டு விலகிப் பரவுகிறது. செயற்கைக்கோள் படத்தில் வெண்மை முழுவதும் மேற்கே போவதைப் பார்த்து மழை விலகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கிழக்கு விளிம்பு கூர்மையாகவும் பளிச்சென்றும் இருந்தால் மேகம் அங்கே உயிரோடு வளர்கிறது. அண்ணாந்து பார்ப்பவருக்கும் முன்னறிவிப்பாக உயர்மேகம் வராது. நட்சத்திரங்கள் தெரியும் வானத்தில் மேற்கே மின்னல் வெட்டத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் காற்று வந்துவிடும்.

8. பிறருக்குச் சொல்வதில் பொறுப்பு

மழை வரும் என்று நீங்கள் எழுதினால், அதை நம்பி ஒருவர் நெல்லை மூடுவார், ஒருவர் பந்தலைப் பிரிப்பார். ஆகவே எந்த மாவட்டம், எந்த நேர இடைவெளி, எவ்வளவு உறுதி என்ற மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் வானிலை ஆய்வு மையத்துக்கு மட்டுமே உரியது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற சொற்களை நீங்களாகப் பயன்படுத்தாதீர்கள். மூன்று மணி நேரத்துக்குச் செல்லும் அவர்களின் உடனடி முன்னறிவிப்பையும், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியின் மின்னல் எச்சரிக்கையையும், மாநில அரசின் டி.என். அலர்ட் செயலியையும் மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவது உங்கள் கணிப்பைவிடப் பயனுள்ளது.

மேகத்தைப் படம் பிடிக்கும் ஆவலில் மொட்டை மாடியில் நிற்பவர்கள் இதையும் அறிய வேண்டும்: மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தொலைவு. முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் உடனே உள்ளே வந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே போகாதீர்கள். மழை தொடங்கும் முன்பே மின்னல் தரையைத் தாக்கும் என்பதால், நனையவில்லையே என்று மரத்தடியிலோ வயல்வெளியிலோ நிற்பது உயிருக்கு ஆபத்து.

9. மறுநாள் காலை சரிபாருங்கள்

முதல் நாள் காலையில் நீங்கள் எழுதிய கணிப்பு, கடற்காற்று நுழைந்த நேரம், காலைப் பலூனின் கேப், சின் அளவுகள், முதல் மேகம் எழுந்த இடம், உங்கள் ஊரில் மழை வந்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் தேதியோடு பதியுங்கள். மழை பெய்யாத நாட்களையும் விடாமல் எழுதுங்கள். எது தடுத்தது என்பது அவற்றில்தான் தெரியவரும். ஒரு பருவம் முடிவதற்குள் எந்த மாடல் உங்கள் மாவட்டத்தில் எந்தக் காற்றில் எப்படித் தவறுகிறது என்பது எந்தப் பாடத்திலும் இல்லாத அளவுக்குத் தெளிவாகிவிடும். மழை அளவை வானிலைத் துறையின் பட்டியலோடு ஒப்பிடும்போது தேதியில் கவனமாக இருங்கள்: அங்கே ஒரு நாளின் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பதிவானது. 15ஆம் தேதி மாலையில் பெய்த மழையை 16ஆம் தேதிப் பட்டியலில் தேட வேண்டும்.